தையல்நாயகிக்கு டாக்டர் பார்த்த கதை

உக்காருங்க தம்பி. அந்தச் சிவப்பு விளக்கையே முறைச்சுக்கிட்டு நின்னா அது சீக்கிரமா அணைஞ்சிருமா? நானும் நேத்து நின்னு பாத்தவன்தான். ஐயய்யோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். நேத்து நாலரை மணி நேரம் அதுலதான் ஆடிக்கிட்டு இருந்தேன். இப்படி என் பக்கத்துல வாங்க.

உள்ள யாரு, வீட்டம்மாவா? என்ன, கல்லா? கிட்னியில கல்லுன்னா எதுக்குத் தம்பி மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கு? டாக்டர் யாரு? சுடர்க்கொடியா! அட, நம்ம சுடர்க்கொடி! அப்ப நீங்க காலை நீட்டி உக்காரலாம். அந்த டாக்டரைத் தேடிக் கண்டுபிடிச்சதே நான்தான். இல்லல்ல, உங்களுக்கு இல்ல. என் சம்சாரத்துக்கு.

என் பேரு அங்கமுத்து. முசிறி. கல்யாணத் தரகு, முப்பத்தெட்டு வருஷமா. நானூறு கல்யாணத்துக்கு மேல முடிச்சு வச்சிருக்கேன், அதுல ரெண்டுதான் கோர்ட்டுக்குப் போச்சு. மூணு. மூணாவது இன்னும் தீர்ப்பு வரலை, அதனால அதைச் சேக்கக்கூடாது.

சம்சாரம் பேரு தையல்நாயகி. எங்க தொழில்ல ஓடறதும் பேசறதும் நான், எழுதறது அவ. ஜாதகத்தை எல்லாரும் இப்ப கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துடறாங்க. ஆனா என் பையில இருக்கறது பூராவும் தையல் கையெழுத்து. மஞ்சள் தாளு, நீல மையி, கட்டம் போட்டு எழுதினா முத்து மாதிரி இருக்கும். ஒவ்வொரு பொண்ணு ஜாதகத்தையும் பத்துப் பிரதி, இருபது பிரதி எழுதுவா. எழுதி எழுதி எல்லாப் பொண்ணு நட்சத்திரமும் அவளுக்கு மனப்பாடம். எனக்குக்கூட மறந்து போகும், அவளுக்கு மறக்காது. அதுதான் கடைசியில வினையாப் போச்சு, சொல்றேன்.

நேத்து ஆபரேஷன் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? பதிலை எடுத்த எடுப்புல சொல்றவன் தரகனே இல்ல தம்பி. கடைசியிலதான் சொல்லுவேன். பதினோரு மணிக்குத்தான் என்னையும் உள்ள விடுவாங்க, அதுவரைக்கும் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல.

மாசி மாசம் ஆரம்பிச்சது. ஒண்ணுக்குப் போறது சிவப்பாப் போயிருக்கு. இவ என்ன நெனச்சிருக்கா, பீட்ரூட் பொரியல் சாப்பிட்டோம், அதான்னு நெனச்சிருக்கா. மறுவாரமும் சிவப்பு. அந்த வாரம் பீட்ரூட்டே வாங்கலை. என்கிட்ட சொல்லல. பக்கத்து வீட்டு நர்ஸ் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா. அது கையோட ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருச்சு. எனக்கு விஷயம் தெரிஞ்சதே ஸ்கேன் டாக்டர் என்னை உள்ள கூப்பிட்டப்பத்தான்.

கூப்பிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "உக்காருங்க ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னாரு. எனக்கு உயிரே போச்சு.

ஏன்னு கேளுங்க. எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. ஒரு வீட்டுப் பதிலை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போறோம்ல, நல்ல பதிலா இருந்தா வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே சத்தமாச் சொல்லிடணும். "அம்மா, பாயாசத்தை அடுப்புல ஏத்துங்க!" அப்படின்னு. மாப்பிள்ளை வீட்டுல வேணாம்னு சொல்லியிருந்தா, உள்ள போயி, உக்காந்து, துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா"ன்னு கேக்கணும். அந்தம்மா உள்ள போயி மொண்டு வர்றதுக்குள்ள அவங்களுக்கே வெளங்கிரும். சொல்ற பாரம் பாதி கொறையும். எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும், அங்கமுத்து தண்ணி கேட்டா அம்புட்டுத்தான்னு. அப்பேர்ப்பட்டவன்கிட்ட டாக்டர் தண்ணி எடுத்து நீட்டினா எப்படி இருக்கும்?

இடது கிட்னியில கட்டி. எலுமிச்சம்பழம் அளவு. புற்றுநோயாத்தான் இருக்கும்னுட்டாரு. வேற எங்கயும் பரவலை, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா வலது கிட்னி இருக்கே, அது பொறந்ததுலேருந்தே சூம்பிப் போனது, பேருக்குத்தான் உள்ள இருக்காம். அறுபத்தொரு வயசு வரைக்கும் இவ ஒத்தைக் கிட்னியிலதான் ஓடியிருக்கா, எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதாவது விஷயம் என்னன்னா, கட்டியை எடுக்கணும், ஆனா கிட்னி மிஞ்சணும். கிட்னியோட சேத்து எடுத்தா வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ், ஆயுசு பூராவும். மெஷின்கிட்ட போயிப் படுக்கணும்.

வீட்டுக்கு வந்து தையல் ஒரு வார்த்தை சொன்னா. "ஏங்க, நல்ல டாக்டராப் பாருங்க"ன்னா. அம்புட்டுத்தான். நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "நானூறு பேருக்குப் பாத்தவன், உனக்குப் பாக்க மாட்டனா?"ன்னேன்.

பாத்தேன் தம்பி. எப்படிப் பாத்தேன்? மாப்பிள்ளை பாக்கற மாதிரிதான். எனக்குத் தெரிஞ்ச முறை அது ஒண்ணுதானே.

முதல்ல திருச்சியில ஒரு பெரியவர். அவரைப் பாக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் நான் மட்டும் போயி விசாரிச்சேன். ஆஸ்பத்திரியில விசாரிக்கக்கூடாது, அங்க எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க. வீட்டுத் தெருவுல விசாரிக்கணும். டீக்கடை, மருந்துக்கடை, முக்கியமா இஸ்திரி வண்டிக்காரர். ஒரு குடும்பத்தோட லட்சணம் இஸ்திரிக்காரருக்குத் தெரிஞ்ச மாதிரி ஜோசியருக்குக்கூடத் தெரியாது. அவர் சொன்னாரு, டாக்டரோட மாமியார் பத்து வருஷமா கூடவே இருக்காங்களாம். எனக்குத் திருப்தி. மாமியாரைப் பத்து வருஷம் வச்சுக் காப்பாத்தறவன் கிட்னியைக் காப்பாத்த மாட்டானா?

தையலைக் கூட்டிட்டுப் போனேன். நான் மரியாதையா டாக்டருக்குச் சொந்த ஊரு எது, அப்பா என்ன உத்தியோகம், பசங்க எத்தனை, எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன். இவ இடுப்புலேருந்து ஒரு மஞ்சள் தாளை எடுக்கறா. அதுல மூணு கேள்வி எழுதி வச்சிருக்கா. இந்த மாதிரி ஆபரேஷன் எத்தனை பண்ணியிருக்கீங்க? கட்டியை மட்டும் எடுத்துட்டுக் கிட்னியை விட முடியுமா? முடியாதுன்னா அதைப் பண்றவங்க யாரு? எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. ஒரு டாக்டரைப் பாத்து, உங்களால முடியலைன்னா வேற யாருன்னு கேக்கறதா! "எங்கடி புடிச்ச இந்தக் கேள்வியெல்லாம்?"னு அப்புறம் கேட்டேன். ஸ்கேன் வரிசையில உக்காந்திருந்த பொம்பளைங்க சொல்லிக் குடுத்தாங்களாம்.

அந்தப் பெரியவர் கோவிச்சுக்கலை. நல்ல மனுஷன், நான்தான் விசாரிச்சேனே. "நான் எடுத்தா மொத்தமா எடுக்கற மாதிரிதாம்மா வரும். கட்டியை மட்டும் நுணுக்கமா எடுக்கறதுக்கு இதே ஊர்ல ஒரு டாக்டர் இருக்காங்க. சுடர்க்கொடின்னு பேரு. அவங்களைப் பாருங்க"ன்னாரு.

நான் டக்குனு எந்திரிச்சுட்டேன். "சரிங்க டாக்டர், யோசிச்சுச் சொல்றோம்"னு இவளையும் எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். வெளிய வந்து, "சின்ன வயசு டாக்டராம், கைராசி எப்படியோ, நாம மதுரை போவோம்"னேன். இவ என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்தா. மஞ்சள் தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

மதுரையில என்ன கூத்துன்னா, ஸ்கேன் படமும் என் பையில, ஜாதகமும் என் பையில. அவசரத்துல எடுத்து நீட்டினது திண்டுக்கல் பையன் ஒருத்தன் ஜாதகம். டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறாரு. "என்னங்க இது, ஏழுல குரு"ங்கறாரு. அவருக்கும் ஜாதகம் தெரியுது! அவர் அக்கா பொண்ணுக்கு மூணு வருஷமாப் பாக்கறாங்களாம். அப்புறம் என்ன, நாங்க ரெண்டு பேரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கிட்டு இருபது நிமிஷம் பேசினோம். பையன் குணம், பையனோட அம்மா குணம், சொந்த வீடா வாடகை வீடா, எல்லாம். நடுவுல தையல் மெதுவா, "டாக்டர், அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நான் உயிரோட வரணும்ல, என் கிட்னியையும் ஒரு பார்வை பாத்துருங்க"ன்னா. பாவம், அவருக்கு வெக்கமாப் போச்சு. படத்தை வாங்கி நல்லா பாத்தாரு. பாத்துட்டு, "திருச்சியிலேருந்தா வர்றீங்க? அங்கயே சுடர்க்கொடி இருக்காங்களே!"ன்னாரு.

சிரிக்காதீங்க தம்பி. நான் படத்தைப் பிடுங்காத குறையா வாங்கிப் பையில போட்டேன்.

அடுத்தது சென்னை. பெரிய கை. அவரைப் பாக்க மாசக்கணக்குல காத்திருக்கணும்னாங்க. நான் நாலு நாள்ல பாத்தேன். எப்படி? அவரோட உதவியாளர் பொண்ணுக்கு வரன் வேணும். விடுங்க, அதெல்லாம் தொழில் ரகசியம். டாக்டர் படத்தைப் பாத்தாரு, தையலைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "எந்த ஊரு?"

"முசிறிங்க."

"முசிறியிலேருந்து திருச்சியைத் தாண்டி எதுக்குங்க இங்க வந்தீங்க? சுடர்க்கொடி என்கிட்ட படிச்ச பொண்ணு. இந்த மாதிரி கேஸ்ல இப்ப என்னைவிட அவ கை நல்லா வரும். நாள் கடத்தாதீங்க, போங்க."

ஊருக்குத் திரும்பி வர்ற ரயில்ல தையல் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினா. ஆரஞ்சை உரிச்சு உரிச்சு எனக்கே குடுத்துக்கிட்டு வந்தா. திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம் தம்பி. விழுப்புரம் வர்ற வரைக்கும் ஆரஞ்சு.

நீங்க ஏன்னு கேக்கலை, மரியாதையா இருக்கீங்க. ஆனா உங்க மூஞ்சியில கேள்வி இருக்கு. சரி, சொல்லிடறேன். எனக்கும் சுடர்க்கொடிக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி. பெரிசா ஒண்ணும் இல்ல.

லால்குடியில தங்கவேல் வாத்தியார்னு இருந்தாரு, அவர் பொண்ணுதான் இது. டாக்டருக்குப் படிச்சு முடிச்சு, மேல படிக்கணும்னு நின்னுக்கிட்டு இருந்த நேரம். நான் கரூர்ல ஒரு நல்ல இடம் கொண்டு வந்தேன். மாப்பிள்ளையோட அம்மா, "பொண்ணு மேல படிக்கப் போறேன்னு நிக்க மாட்டாளே?"ன்னாங்க. நான், "சேச்சே, கல்யாணம் ஆனதும் விட்டுரும்"னேன். வாத்தியார், "மேல படிக்க விடுவாங்களா?"ன்னாரு. "தாராளமா"ன்னேன். இதுல என்ன தப்பு? ரெண்டு வீட்டுக்கும் பிடிச்சதைச் சொல்லி ரெண்டையும் ஒரு கூடத்துல உக்கார வைக்கறதுதான் தரகன் வேலை. அதுக்கப்புறம் அவங்க பாடு.

பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அந்தம்மா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பஜ்ஜியைத் தின்னுக்கிட்டே, "படிப்பை விட்டுருவான்னு தரகர் சொல்லிட்டாரு, அதான் எங்களுக்கு நிம்மதி"ங்கறாங்க. பொண்ணு காப்பித் தட்டோட நிக்குது. தட்டைக் கீழ வச்சுது. நேரா என்னைப் பாத்து, "யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"ன்னு கேட்டுச்சு. பதினெட்டு பேரு முன்னாடி. என் சர்வீஸ்ல எந்தப் பொண்ணும் என்னை அப்படிக் கேட்டதில்ல.

மறுநாள் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். துண்டால மூஞ்சியைத் தொடைச்சேன். தண்ணி கேட்டேன். அவரு முழுச் செம்பு கொண்டாந்து குடுத்தாரு. குடிச்சுட்டு, மாப்பிள்ளை வீட்டுல வேணாம்னுட்டாங்கன்னு சொன்னேன்.

அவங்க வேணாம்னு சொல்லல தம்பி.

பையனுக்குப் பொண்ணை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "படிக்கட்டும், நான் அம்மாகிட்ட பேசிக்கறேன்"னு என்கிட்ட சொல்லி அனுப்பிச்சான். நான்தான் மாத்திச் சொன்னேன். கோவம். அது மட்டுமா, போற எடத்துல எல்லாம் "அந்தப் பொண்ணுக்கு வாய் நீளம்"னு சொல்லி வச்சேன். மூணு மாவட்டத்துக்கு. அப்புறம் அந்தப் பொண்ணு ஜாதகத்தை ஒருத்தரும் கேக்கலை.

இப்பச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு கையில கத்தி இருக்கு. என் பொண்டாட்டி மேஜை மேல படுத்திருக்கா. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போயி நிப்பேன்?

சென்னையிலேருந்து வந்த மறுநாள் தையல் கேட்டா, "சுடர்க்கொடியைப் பாக்கறதுக்கு என்ன தடை?" நான் யோசிச்சு யோசிச்சு ஒண்ணு வச்சிருந்தேன். "பொருத்தம் இல்ல தையலு. உன் நட்சத்திரத்துக்கும் அவங்க நட்சத்திரத்துக்கும் ரஜ்ஜு தட்டுது. உசுரு விஷயம், ரஜ்ஜு இல்லாம எப்படி?"ன்னேன். டாக்டருக்கும் நோயாளிக்கும் எவனாவது ரஜ்ஜு பாப்பானா? அந்த நேரத்துக்கு வாயில வந்தது அதுதான்.

இவ அரிவாமணையில கத்திரிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. நிமிந்துகூடப் பாக்கலை. "எனக்குப் பூசம், தொடை ரஜ்ஜு. அந்தப் பொண்ணு சுவாதி, கழுத்து ரஜ்ஜு. ரெண்டும் வேற வேற, எங்க தட்டுது? அந்த ஜாதகத்தை முப்பத்திரண்டு பிரதி எழுதினவ நான். எதுக்கு எழுதறதை நிறுத்தினோம்னும் எனக்குத் தெரியும்"னா.

பதினாலு வருஷமா இவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மறுநாள் நான் ஒரு நிச்சயத்துக்குத் தொட்டியம் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாக்கறேன், வீடு பூட்டியிருக்கு. இருட்டற நேரத்துக்கு இவ பஸ்ஸை விட்டு எறங்கி வர்றா. கையில ஸ்கேன் பை. தனியாப் போயி, வரிசையில உக்காந்து, சுடர்க்கொடியைப் பாத்து, பேசி, எல்லாம் முடிச்சுட்டு வந்திருக்கா.

"நாள் குறிச்சாச்சுங்க. அடுத்த வியாழக்கிழமை."

"என்னைக் கேக்காமயா?"ன்னேன். வேற என்ன கேக்கறதுன்னு தெரியலை.

"நானூறு பேருக்கு நீங்க பேசி முடிச்சீங்க. எனக்கு நானே பேசி முடிச்சுக்கிட்டேன். கட்டியை மட்டும் எடுக்கப் பாக்கறேன்னு சொன்னாங்க. உள்ள தொறந்து பாத்தாத்தான் தெரியுமாம், சத்தியம் பண்ண மாட்டாங்களாம். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு"ன்னுட்டு சோறு வடிக்கப் போயிட்டா.

முதல் ஸ்கேன்லேருந்து அன்னைக்கு வரைக்கும் எண்ணிப் பாத்தேன். இருபத்தாறு நாள் தம்பி. அவ வயித்துல அதை வச்சுக்கிட்டு, ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டு, நான் போற ஊருக்கெல்லாம் கூட வந்திருக்கா. வெக்கத்துலதான் அந்த டாக்டரைத் தள்ளிப் போட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன். அது பாதிதான். மீதி பயம். டாக்டரைத் தேடிக்கிட்டே இருந்தா ஆபரேஷன் வராதுல்ல? வரன் பாத்துக்கிட்டே இருக்கற வரைக்கும் பொண்ணு நம்ம வீட்டுலதானே இருக்கும். அப்படி ஒரு முட்டாள் கணக்கு. அவ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாது தம்பி. ஒரு ஜாதகத்தைக்கூட எனக்கு ஒழுங்கா எழுதத் தெரியாது.

முந்தாநாள் அட்மிஷன். கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டாங்க. டாக்டரம்மா மேஜைக்கு அந்தப் பக்கம். மூக்குக் கண்ணாடி, முன்னாடி ரெண்டு நரை. அதே பார்வை. நான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, ஒண்ணு சொல்லணும்"னேன். "அன்னைக்குக் கரூர் வீட்டுல வேணாம்னு சொல்லலைங்க. நான்தான்..."

"தெரியும் ஐயா"ன்னாங்க. "அந்தப் பையனே மறுநாள் எங்க அப்பாவுக்குப் போன் பண்ணிட்டாரு. நான்தான் வேணாம்னு சொன்னேன். எனக்கு மேல படிக்கச் சீட்டுக் கிடைச்சிருந்துச்சு. நீங்க இந்த எடத்துல கையெழுத்துப் போடுங்க."

எப்படி இருக்கு பாருங்க! பதினாலு வருஷம் ஒருத்தி வாழ்க்கையைக் கெடுத்துட்டோம்னு ஒளிஞ்சு திரிஞ்சா, நான் கெடுக்கவே இல்லையாம். என் பேச்சை அங்க ஒருத்தரும் மதிக்கவே இல்ல. கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு. அப்புறம் விசாரிச்சேன், இங்க மயக்க மருந்து குடுக்கறாரே, உயரமா ஒருத்தர், அவருதான் அவங்க வீட்டுக்காரராம். தானாப் பாத்துப் பண்ணிக்கிட்டாங்களாம். தரகரே இல்லாம. அவங்க தெரு இஸ்திரிக்காரர் மூலமா அந்த வீட்டுக்காரர் நட்சத்திரத்தையும் தெரிஞ்சுக்கிட்டேன். எட்டுப் பொருத்தம் இருக்கு. பரவாயில்ல.

நேத்துக் காலையில ஏழு மணிக்கு உள்ள கொண்டு போனாங்க. வண்டியில படுத்துக்கிட்டு தையல் என்னைப் பாத்து, "அந்த ஆடற நாற்காலியில உக்காராதீங்க"ன்னா. அதுலதான் போயி உக்காந்தேன். எட்டு, ஒம்பது, பத்து. எனக்கு ஜாதகம் பாக்கத் தெரியும், நேரம் பாக்கத் தெரியும், காத்திருக்க மட்டும் தெரியாது தம்பி. ஆயுசு பூரா நான் பதில் கொண்டு போனவன். பதிலுக்காகக் கூடத்துல உக்காந்திருந்த அப்பன் ஆத்தாளெல்லாம் எப்படி உக்காந்திருந்தாங்கன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. வேணும்னே நான் சில வீட்டுக்கு ஒரு நாள் தாமதமாப் போவேன். கெத்து. அதையெல்லாம் நெனச்சு நெனச்சு நேத்து அழுதேன்.

பதினொண்ணரைக்கு அந்தக் கதவு தொறந்துச்சு. டாக்டரம்மா வந்தாங்க. பச்சைத் தொப்பி, கழுத்துல முகமூடி தொங்குது. மூஞ்சியில சிரிப்பும் இல்ல, வருத்தமும் இல்ல. நேரா என் முன்னாடி வந்து நின்னாங்க.

"ஐயா, கொஞ்சம் தண்ணி இருக்கா?"ன்னாங்க.

தம்பி, என் காதுல அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கலை. இந்த பாட்டில்தான். எடுத்து நீட்டறேன். மூடியைத் தொறக்க வரலை. அவங்களே வாங்கித் தொறந்தாங்க. அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிச்சாங்க. நான் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டேன். தையலு போயிட்டா, இல்ல கிட்னி போயிருச்சு, ரெண்டுல ஒண்ணு. வாயைத் தொடைச்சுக்கிட்டு மூடியை மெதுவாத் திருகி மூடினாங்க.

"கட்டி மட்டும் வந்துருச்சு. கிட்னி பத்திரமா இருக்கு, நல்லா வேலை செய்யுது. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம், ஆனா சுத்தமா வந்துருச்சுன்னுதான் எனக்குத் தோணுது"ன்னாங்க. அப்புறந்தான் சிரிச்சாங்க. "தாகமெல்லாம் இல்லைங்கய்யா. உங்க வீட்டம்மாதான், மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வெளிய போயி எங்க வீட்டுக்காரர்கிட்ட முதல்ல தண்ணி கேளுங்கன்னு சொன்னாங்க. எதுக்குன்னேன். இருபத்தாறு நாளுக்குன்னாங்க."

பாத்தீங்களா அவளை! வயித்தைத் தொறக்கப் போறாங்க, அந்த நேரத்துல!

டாக்டரம்மா ரெண்டு எட்டு போயிட்டுத் திரும்பி வந்தாங்க. "இன்னொண்ணும் சொன்னாங்க. நல்ல பதிலா இருந்தா மட்டும் கேளுங்க, கெட்ட பதிலா இருந்தா தண்ணின்னு வாயைத் தொறக்காதீங்க, அந்த மனுஷன் தாங்க மாட்டாருன்னு சொன்னாங்க."

அப்பத்தான் நான் அந்த ஆடற நாற்காலியில விழுந்து ஓன்னு அழுதேன். இங்க இருந்தவங்க எல்லாம் என்னவோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க. டாக்டரம்மா இந்தப் பெருசுக்கு ஒண்ணும் இல்லைன்னு கையை ஆட்டிட்டு உள்ள போயிட்டாங்க. வாய் நீளந்தான் தம்பி அந்தப் பொண்ணுக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்ல. ஆனா தையலுக்கும் அதுக்கும் பொருத்தம் பாத்தது நான்தானே? ஊர் ஊரா அலைஞ்சு, மூணு டாக்டரைத் தள்ளி, கடைசியில இந்த எடத்துல கொண்டாந்து முடிச்சது யாரு? அதை அவகிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டா. விடுங்க.

அதோ, விளக்கு அணைஞ்சிருச்சு. கதவு தொறக்குது. உங்களைத்தான் பாக்கறாங்க தம்பி, எந்திரிங்க. என்ன, மறுபடி உக்காந்துட்டீங்க? கல்லுதானே, எதுக்கு இப்படி? சரி, என் தோளைப் பிடிங்க, நானும் வர்றேன். பதில் வாங்கறது என் தொழில். இந்தாங்க, பாட்டிலை நீங்க வச்சுக்கங்க. தண்ணி கேட்டாங்கன்னா பயப்படாமக் குடுங்க.